நஸீரா மிஸ்ஸுக்கு நாவல் எடுத்தவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்த அறிவித்தல் வந்தபோது நான் நூலகத்தின் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன். "மருத்துவிச்சி நஸீரா மிஸ்ஸின் கணவர் ஜவ்பர் அவர்கள் வபாத்தானார்கள்" என்று கேட்டது. உயிரோடிருந்தபோதும் கற்பிட்டியில் அவருக்கு அதுதான் விலாசம். சொந்தமாக வெங்காயத் தோட்டம் இருந்தும், "ஆரு, நம்மட மிஸ்ஸிட மாப்பிளையா?" என்றுதான் ஊரில் கேட்பார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு. மீதி யன்னல்களைத் திறக்காமல் கதிரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அவரை அறிந்த உங்களில் பலர், அவர் பேப்பர் பார்க்க நூலகத்துக்கு வந்தார் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவர் மனைவிக்கு நாவல் எடுக்க வந்தவர். மிஸ் காலையில் ஸ்கூட்டரில் ஏறினால் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கிளினிக் என்று பொழுது போய்விடும். சோறு வேகும் நேரத்தில்தான் வாசிப்பு. அந்த நேரத்தில் ஒரு மட்டமான நாவல் கையில் இருந்துவிட்டால் வீடு இரண்டுபடும். ரசனையாவது ஒரு வழியில் போகுமா என்றால் அதுவும் இல்லை. ஒரு கிழமை காதல், மறுகிழமை கொலை, பிறகு பேய், அது முடிந்ததும் தலையணை மொத்தத்தில் ஒரு குடும்பக் கதை.

முதல் தரம் வந்தபோது, அண்ணன் முறை வைத்து, "மிஸ்ஸுக்கு என்ன மாதிரிக் கதை பிடிக்கும் நானா?" என்று கேட்டேன்.

"அதக் கேக்காதீங்க தங்கச்சி. அவவுக்கு இந்தக் கெழம எப்பிடிப் போச்சு எண்டு கேளுங்க" என்றார்.

ஒரு பிரசவம் சிக்கலாகிப் புத்தளத்துக்கு அனுப்ப நேர்ந்த கிழமையில் சிரிப்புக் கதை. மேலதிகாரி ஏசிய கிழமையில் துப்பறியும் கதை. "ரெண்டு பேர் சரி சாகோணும் தங்கச்சி, அப்பத்தான் அவவுக்கு மனசாறும்" என்பார். தாயும் பிள்ளையும் எல்லா வீட்டிலும் சுகம் என்றால்தான் கண்ணீர்க் கதைக்கு அனுமதி. நான் படித்த நூலகவியலில் இப்படி ஒரு பகுப்பு இல்லை.

ஒரே ஒரு கதை மட்டும் எந்தக் கிழமையிலும் ஆகாது. பிரசவத்தில் தாய் இறக்கும் கதை. "அத அவ வேலையில பயந்துகொண்டே இரிக்கிறா. ஊட்டுக்கும் அது வரவேணாம்" என்றார். அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால், பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து புத்தகம் தொடாத மனிதர், மனைவிக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு நாவலையும் முதலிலிருந்து கடைசிவரை தானே வாசிக்கத் தொடங்கினார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டுத் தென்னை நிழலில் உட்கார்ந்து வாசிப்பார். ஒருநாள் துப்பறியும் நாவலில் மூழ்கி மோட்டரை நிறுத்த மறந்து, தோட்டம் குளமாகிவிட்டது. அன்று பின்னேரம் முழங்கால் வரை சேற்றுடன் நூலகத்துக்கு வந்தார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"வெங்காயம் போனாப் போகட்டும் தங்கச்சி. அந்தப் பெரியப்பன்தான் கொலகாரன் எண்டு நான் நெனக்கவே இல்ல!"

எனக்கும் அவருக்கும் ஒரேயொரு தரம்தான் சண்டை வந்தது. திரும்பி வந்த ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் விளிம்பு நெடுக ஊசி குத்திய துளைகள். வெங்காய மூடை தைக்கும் சாக்கூசியின் வேலை. "இது பொதுச்சொத்து நானா!" என்று கத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். மிஸ்ஸுக்கு முடிவை முதலில் வாசிக்கும் பழக்கமாம். நடுவில் யாருக்காவது வலி வந்து கூப்பிட்டால் கதை முடியாமலே போய்விடும் என்ற பயம். ஆனால் முடிவு தெரிந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "வேற எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாராம்.

"ஒரு புத்தகத்த முழுசா வாசிச்சு முடிக்கவே ரெண்டு தரம் தோட்டம் காயுது. அவ ஒரு நிமிசத்துல முடிச்சா நான் என்ன செய்ற? அதான் தெச்சுட்டேன்."

மிஸ் தன் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, தொப்புள்கொடி வெட்டிய அதே கையால் அந்தத் தையலையும் பிரித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. கோபத்தை வைத்துக்கொள்ள முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களில் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம். வேலைக்கும் லீவு. ஓடி ஓடி உழைத்த மனுசிக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது, எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பாரம் என் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்து, அலுமாரி அலுமாரியாகத் தேடி மூன்று நாவல்கள் கொண்டுபோயிருந்தேன். மிஸ் அட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"இதெல்லாம் நல்ல புத்தகமா?"

"ஓம் மிஸ். நல்லது."

"அப்ப வேணாம்." மூன்றையும் என் பக்கம் தள்ளினார். "அவரு வாசிச்சிட்டு, எனக்குச் சரிவராது எண்டு திருப்பித் தந்ததெல்லாம் எது எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே? அதுகளக் கொண்டாங்க. நல்லதெல்லாம் நாங்க ரெண்டு பேரும் வாசிச்சது. திருப்பித் தந்ததுகள அவரு தனியத்தான் வாசிச்சாரு."

அவற்றில் பிரசவத்தில் தாய் இறக்கும் கதைகளை மட்டும் விலக்கிவிட்டு முதலாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த கிழமை நான் போனபோது மிஸ் அதைத் திருப்பித் தந்தார்.

"அவரு செஞ்சது சரிதான். சகிக்க ஏலா" என்றார். சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "என்ன செல்லித் திருப்பித் தந்தாரு?"

"'இதுல எல்லாரும் அழுவுறாங்க தங்கச்சி, ஒருத்தரும் ஒரு வேலையும் செய்றதில்ல' எண்டு சொன்னவர் மிஸ்."

"அடுத்ததத் தாங்க" என்றார்.

ஜவ்பர் நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காரணங்கள்தான். ஒன்றும் மறக்கவில்லை. ஒரு கிழமைக்கு ஒன்றாக, மிஸ் வாசித்து முடித்த பிறகே சொல்கிறேன். அதைக் கேட்பதற்காகவே அவர் அந்த மோசமான நாவல்களை ஒரு வரி விடாமல் வாசிக்கிறார்.