குசினிக்குள் கேட்ட கேள்வி

எங்கள் மாம்புரியில் பெண் பார்க்க வருபவர்கள் பெண்ணிடம் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளுடைய கூட்டாளிப் பெண்ணைத்தான் தனியாகக் கூப்பிட்டுத் துருவுவார்கள். அந்தக் கூட்டாளி நானாக இருந்ததுதான் வினை.

அவளும் நானும் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தோம். இருவருக்கும் பத்தொன்பது வயது. ஆறாம் வகுப்பு முதல் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் எத்தாளையிலிருந்து வருகிறார்கள் என்று அவளுடைய உம்மா சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கூட்டாளி போய்விடுவாளே என்ற கவலையாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வரவிருந்த அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய முக்காட்டுக்கு ஊசி குத்தப் போனவள், குத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கழுத்துல குத்திப் போடாத" என்று சிரித்தாள்.

அப்போதுதான் விளங்கியது. நான் அவளைக் காதலிக்கிறேன். நல்ல நேரம் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது.

வந்தவர்கள் குடித்த சர்பத் கிளாசுகளைக் கழுவக் குசினிக்குப் போனேன். மாப்பிள்ளையின் உம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"மகள், ஒளிக்காமச் சொல்லுங்க. புள்ளைக்கு வேற விருப்பம் ஏதும் இரிக்கா?"

ஓம் என்றால் போதும், எழுந்து போய்விடுவார்கள். அவள் பக்கத்து வளவு வீட்டிலேயே இருப்பாள். ஆனால் அந்தக் கதை அவர்களோடு எத்தாளைக்குப் போய் நின்றுவிடாது. ஊரெல்லாம் சுற்றி அவளுடைய வாப்பாவின் காதுக்கு வரும். யாரவன் என்று அவளைப் போட்டு உலுப்புவார்கள். மாப்பிள்ளையின் உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பிடி ஒண்டுமில்ல மாமி. தங்கமான புள்ள."

பெரிய தியாகி என்ற நினைப்போடு அடுத்த அறைக்குப் போனேன். அவள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"நல்ல பேர் வாங்கித் தந்திட்டன். இனிச் சந்தோசமா இரி" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

அவள் சிரிக்கவில்லை. "நீ ஓமெண்டு சொல்லுவாய் எண்டுதான் காத்துட்டு இருந்தன்."

"சொன்னா யாரெண்டு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். உனக்குமா தெரியாது, யாரெண்டு?"

முன்னறையில் சம்பந்தம் பேசி முடித்து, அது நல்லபடி நடக்க துஆ ஓதத் தொடங்கிவிட்டார்கள். பழக்கத்தில் நாங்கள் இருவரும் கையேந்தினோம். நான் ஆமீன்கூடச் சொன்னேன்.