டேப்பின் மறுமுனை

"இப்ப நீங்க சமையல்கட்டுல நிக்கிறீங்க. அடுப்பைப் பத்த வைங்க" என்கிறார். நிற்பதோ மொட்டை வெயிலில், களை பிடுங்கிய வெறும் மண்ணில், சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு கட்டத்துக்குள். வீடு கட்டப்போகும் பெண் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். தெருவே மதிலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. "சிரிச்சா ஆகாதும்மா. சட்டியை இறக்கிட்டுத் திரும்புங்க. முழங்கை எங்க இடிக்குது?" இடித்தால் கோட்டைச் செருப்புக் காலால் அழித்துவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுவார். அப்புறம் எல்லோரையும் தரையில் படுக்கச் சொல்வார். படுத்துப் பார்க்காத அறையை அவர் காகிதத்தில் ஏற்றுவதில்லை.

ஊருக்கு அவர் சுண்ணாம்பக்கா. பிளான் போடுவது தொழில். பங்களா, பெரிய அடுக்குமாடி என்றால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். இரண்டு வீடுகளுக்கு நடுவே குப்பை மேடாகிக் கிடக்கும் துண்டு மனை, யாரும் கார் நிறுத்தாத ஷெட், பின்பக்கத்து மூலை, இவைதான் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. அதிலும் ஒரு வீட்டோடு விடமாட்டார். கீழே பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு ஒன்று, மேலே தனி ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து இருக்க ஒன்று, முகப்பில் கடையோடு ஓர் அறை என்று நுழைத்துவிடுவார். வாடகை கையைக் கடிக்கக் கூடாது, வேலைக்கு நடந்து போகிற தூரமாக இருக்க வேண்டும். ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்தால் எப்படி என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

சும்மா இருக்கத் தெரியாத மனுஷி. யார் வீட்டுக்குப் போனாலும் டீ வருவதற்குள் மூலையில் போய்க் கையை விரித்து நின்று பார்ப்பார். கணவருக்குப் பக்கவாதம் வந்த அன்று டாக்டர் நிலைமையை விளக்கிக்கொண்டிருக்க, இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில், "இந்தக் கதவு ஸ்ட்ரெச்சருக்குப் பத்தாதே டாக்டர்" என்றாராம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அழத் தெரியாதவர்கள் வேறு எதையாவதுதான் பேசுவார்கள், பாவம்.

அந்தக் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவுக்கு இன்றும் கண்டக்டர்தான். டியூட்டி முடிந்து வந்ததும் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது அவர் வேலை. முனையைச் சுவரில் அழுத்தி வைத்ததும் டேப்பை இரண்டு தரம் சுண்டுவார். வைத்தாயிற்று, அளவைப் படி என்று அர்த்தம். இருவருக்கும் நடுவே அதற்கு மேல் பேச்சு தேவைப்பட்டதில்லை. அவர் பஸ்ஸில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க" என்பதையே அக்கா தன் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்.

இப்போது கண்டக்டருக்கு வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வெற்று மனை. அதுதான் அவருக்கு நியூஸ் பேப்பர், டிவி எல்லாம். பூனை எந்தக் கல் இடுக்கில் குட்டி போட்டது, எந்தப் பயல் பந்தைத் தொலைத்தான் என்று குழறுகிற வாயால் சாயங்காலம் வரிசையாகச் சொல்வார். கேட்டுக்கொண்டே அக்கா சோறு ஊட்டுவார்.

அந்த மனையைத்தான் மூன்று குடும்பங்கள் கூட்டாக வாங்கின. வாங்கிய கையோடு வேறெங்கும் போகாமல் இவரிடமே வந்து நின்றன. அங்கே வீடு எழும்பினால் கண்டக்டர் ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்தான்.

எதிர்வீட்டுத் தபால்காரருக்கு இது பழைய பாக்கி. அவர் வீட்டுப் பக்கத்தில் அக்கா பிளான் போட்டபோது, என் ஜன்னல் வெளிச்சம் போச்சே என்று சண்டைக்கு வந்தவர் அவர். வெளிச்சம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, நகர்ந்து உட்காருங்க என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் அக்கா. "உன் வீட்டு ஜன்னலை மூடினா அப்பத் தெரியும் தாயி" என்று அவர் அன்றைக்குச் சொன்னது இப்போது வந்து முன்னால் நின்றது.

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தில்லுமுல்லு செய்தார். கண்டக்டர் ஜன்னலுக்கு நேரே மட்டும் புதுச் சுவரை உள்ளே இழுத்து, வானம் தெரிய ஒரு முற்றம் விட்டார். காற்றோட்டத்துக்கு என்றார். மூன்று குடும்பமும் தலையாட்டின. அக்கா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்! சுருங்கியது கீழ்வீட்டுப் பின்னறை. வாடகைக்கு வரப்போகிற, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஓர் அம்மாவுக்கும் அவர் மகளுக்குமான அறை.

சுண்ணாம்பு போட்ட அன்று இருவரையும் படுக்கச் சொன்னார். மகள் படுத்தாள். பக்கத்தில் படுத்த தாயின் கால் கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. அந்த அம்மா ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போலச் சட்டென்று முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"பரவாயில்லைக்கா. குறுக்கிப் படுத்தே பழகிட்டோம்."

அந்தம்மா திட்டியிருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஜன்னலுக்குள்ளிருந்து கண்டக்டர் கூப்பிட்டார். எத்தனை சுவருக்கு டேப் பிடித்தவர், அவர் கண்ணுக்குத் தப்புமா?

"இந்தாம்மா. அந்தச் சுவர் ஏன் உள்ள போயிருக்கு?"

"காத்துக்கு."

"யாரு காத்துக்கு?"

கண்டக்டர் மனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிந்த கூரைத் தகரம், பந்து, கல் இடுக்கு, எல்லாவற்றையும்.

"எனக்கும் பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு. பூனைகூட இப்பல்லாம் வர்றதில்லை."

காலையில்தான் குட்டிகள் கண் திறந்துவிட்டன என்று சொல்லிச் சிரித்த மனுஷன்.

அக்கா திரும்பிப் போய் முற்றத்தின் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்தார். சுண்ணாம்பு போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். தாயும் மகளும் ஒதுங்கி நின்று ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். சுவர் நேராக வருவதென்றால் மனையின் முழு அகலத்தையும் மறுபடி அளக்க வேண்டும். நான் பிடிக்கிறேன் என்று மகள் முன்னால் வந்தாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, டேப்பின் முனையை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். கண்டக்டரின் இடது கை தடவித் தடவி வந்து அதை வாங்கிக்கொண்டது.

அக்கா டேப்பை இழுத்துக்கொண்டு மனையின் மறுகோடிக்கு நடந்தார். அங்கிருந்த மதில் சுவரில் முதுகைச் சாய்த்து, ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல், டேப்பை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

டேப் இரண்டு தரம் சுண்டியது.