இழைகள் படுத்த நாள்

நியூகாசில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஷெரில் டன்ஸ்டன் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தாள். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு தேடிக்கொண்டிருந்தோம். சிறு சில்லின் மேல் பாலிமர் இழைகள் புல் மாதிரி நெருக்கமாக நிற்கும்; அவற்றில் நேர் மின்னேற்றம். உப்புத் தண்ணீரில் வைத்தால் எதிர் மின்னேற்றமுள்ள அயனிகள் உள்ளே போகும். எந்த அயனி போகிறது என்பதுதான் விஷயம் என்று கண்டுபிடித்தவள் ஷெரில். அசிட்டேட் அயனி தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், இழைகள் ஊதி நிற்கும். அதே அளவு தயோசயனேட் இழையோடு ஒட்டித் தண்ணீரை வெளியே தள்ளும், இழைகள் படுத்துவிடும்.

தலைவர் பிரெண்டன் ஹார்கிரேவ் அவளுடைய அசிட்டேட் அளவுகளை மட்டும் எடுத்துத் தன் பெயரில் கட்டுரை வெளியிட்டார். தயோசயனேட் அளவுகள் அவள் உப்பை எடை போட்டதில் வந்த தப்பு என்றார். கட்டுரையில் தன் பெயர் ஏன் இல்லை என்று அவள் கேட்டபோது, "பாத்திரம் கழுவுறவங்க பேரையெல்லாம் போட முடியுமா, ஷெரில்?" என்றார். தேநீர் அறையில் எல்லோரும் சிரித்தோம்.

அவள் சண்டை போடவில்லை. பதினொரு மாதம், சாப்பாட்டு நேரத்தில், உப்பை மட்டும் மாற்றி மாற்றி எல்லா அளவுகளையும் திரும்ப எடுத்தாள். நிதி தருபவர்களின் குழு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதிலிருந்த வெலிங்டன்காரர் மேரே பராவோனேவுக்கு ஒரே வரி எழுதினாள்: தயோசயனேட்டிலும் காட்டச் சொல்லுங்கள்.

அன்று ஹார்கிரேவ், எந்த உப்பானாலும் இழைகள் நிற்கும் என்று குழுவிடம் அடித்துச் சொன்னார். தயோசயனேட்டிலும் காட்டுங்கள் என்று பராவோனே கேட்டார். ஷெரில் கரைசலை மாற்றினாள். திரையில் ஐம்பத்தெட்டு நானோமீட்டராக இருந்த பூச்சின் தடிமன் இருபத்தொன்றுக்கு இறங்கியது.

கருவியில் கோளாறு என்றார் ஹார்கிரேவ்.

"கருவி சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல," என்று தன் நோட்டை பராவோனே முன்னால் விரித்து வைத்தாள்.

குழு போனபின் ஹார்கிரேவ் நடைபாதையில் அவளை நிறுத்தினார். "வேணும்னே பண்ணீங்களா?"

"ஆமா. எல்லார் முன்னாடியும் நடக்கணும்னு காத்திருந்தேன்."

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புதியதில் ஷெரிலின் பெயர் முதலில் வந்தது. ஹார்கிரேவ் பெர்த்துக்கு வேலை தேடிப் போனார். கிளம்பும்போது கை நீட்டினார், அவள் பிடிக்கவில்லை. அன்று மதியம் நாபிஸ் கடற்கரையில் உட்கார்ந்து இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு முழு அப்பத்தைச் சாப்பிட்டாள். பாவமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்ல. அந்தத் திரையைப் பாத்தப்போ அவர் முகம் போன போக்கை இன்னொரு தடவை பாக்கணும்போல இருக்கு."