லிஃப்டுக்குள் மாதா

அக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மாதாவின் சிறிய சுரூபம் ஒன்று கிளம்பி, தினம் ஒரு வீட்டில் தங்கும். மாலையில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபமாலை சொல்லி, பாட்டுப் பாடியபடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெங்களூர் வைட்ஃபீல்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி எங்களுடையது. அன்று எங்கள் முறை.

மனைவி காலையிலிருந்தே வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஒரு வேலைதான்: மாதாவைச் சுமந்து வருவது. கண்ணாடிப் பேழைக்குள் இருந்த சுரூபம் பார்ப்பதற்குத்தான் சின்னது. முந்தைய நாள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் கை கடுக்க ஆரம்பித்தது.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் செபக்குழுவான அன்பியத்தின் தலைவி ஓய்வு பெற்ற நர்ஸ். வார்டை நடத்திய மாதிரியே செபக்கூட்டத்தையும் நடத்துவார். லிஃப்ட் வாசலில் கூட்டத்தை நிறுத்தி, "எல்லாரும் முதல்ல மேல போய்ப் பாட்டு ஆரம்பிங்க. மாதா கூட நெரிசல் வேணாம், கண்ணாடி உடையும்" என்றார். எல்லோரும் போன பிறகு அவரும் நானும் மாதாவும் ஏறினோம். கதவு மூடும்போது, "இருங்கப்பா, இருங்கப்பா" என்று எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து நுழைந்தார். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் புதிதாக வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். பெங்களூரிலேயே பிறந்து, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு நிறைய சாமி படங்கள் வைத்திருப்பவர். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் சிரிப்புக்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

ஆறாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

அவசர பட்டனை அழுத்தினோம். கீழேயிருந்து காவலாளி, "ஐது நிமிஷ, மேடம்! டெக்னீஷியன் பர்த்தாரே!" என்றார். டெக்னீஷியன் வருகிறாராம். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே ஐந்து நிமிஷம்தான்.

"அக்கா, கொஞ்சம் கீழ வைக்கட்டுமா? கை விட்டுப்போகுது" என்றேன்.

"மாதாவையா? லிஃப்ட் தரையிலயா?" தலைவி பார்த்த பார்வையில் கை வலி பாதி குறைந்தது.

எதிர்வீட்டு அம்மாள் ஸ்டூலை நீட்டினார். "இதுல உக்கார வைங்க. புதுசுதான், யாரும் இன்னும் உக்காரல."

தலைவி ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, கைக்குட்டையால் துடைத்து, அனுமதி தந்தார். மாதா ஸ்டூலில் அமர்ந்தார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். சும்மா நிற்பது தலைவிக்கு ஆகாது. செபமாலையை வெளியே எடுத்தார். அதில் ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை, அதாவது ஒரு மறைபொருளைச் சொல்லித் தொடங்குவோம்.

"இன்னைக்கு வியாழன். ஒளியின் மறைபொருள்கள். தம்பி, ரெண்டாவது என்ன, சொல்லுங்க."

சின்ன வயதிலிருந்து செபமாலை சொல்பவன் நான். ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் ஒன்றுமே இல்லை. "ரெண்டாவது... அது வந்து, அக்கா..." என்று இழுத்தேன்.

"கானாவூர் கல்யாணம்" என்றார் தலைவி சலிப்போடு.

"கல்யாணமா?" எதிர்வீட்டு அம்மாளின் முகம் மலர்ந்தது. "யாருக்கு?"

செபத்துக்கு நடுவில் கேள்வி கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் ஸ்டூல் அவருடையது. தலைவி பொறுமையாகச் சொன்னார். "ஒரு கல்யாண வீடும்மா. மாதாவும் அவங்க மகன் இயேசுவும் போயிருக்காங்க. விருந்து நடக்கறப்பவே திராட்சை ரசம் தீர்ந்துபோச்சு."

"ஐயோ, பந்தி நடக்கறப்பவா? எங்க பொண்ணு கல்யாணத்துலயும் இதேதாங்க. மூணாவது பந்தியில ரசம் காலி. சம்பந்தி வீட்டுக்காரங்க இன்னும் சொல்லிக் காட்டறாங்க."

"இது அந்த ரசம் இல்லம்மா..."

"எந்த ரசமா இருந்தா என்ன, மானம் போறது ஒண்ணுதானே? யார் கவனிச்சாங்க?"

தலைவி பேழையைக் கை காட்டினார். "மாதாதான் கவனிச்சாங்க. மகன்கிட்ட போய்ச் சொன்னாங்க."

"அதானே பார்த்தேன். ஆம்பளைங்க கண்ணுல அதெல்லாம் எங்க படும்?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். பிறகு பேழை முன் குனிந்து, பழக்கமானவரை விசாரிப்பது போல மாதாவை நன்றாகப் பார்த்தார். "அப்புறம் என்ன ஆச்சு?"

தண்ணீர் ரசமான கதையைத் தலைவி முழுவதுமாகச் சொன்னார். வழக்கமாக ஒரே வரியில் கடந்துபோகும் மறைபொருளை அவர் அவ்வளவு விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு செபம் தொடர்ந்தது. தலைவி 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்க, நான் பதில் சொன்னேன். செபமாலையில் சில மணிகள் நகர்ந்ததும் எதிர்வீட்டு அம்மாளும் பதில் சொல்லத் தொடங்கினார், என்னைவிடச் சத்தமாக.

கடைசியில் டெக்னீஷியன் வந்து கதவை நெம்பித் திறந்தபோது ஏழாவது மாடியின் தரை எங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. காவலாளி மேலே மண்டியிட்டுக் கை நீட்டினார். "முதல்ல மாதா" என்றார் தலைவி. கண்ணாடிப் பேழையைக் கண்டதும் காவலாளி கையை இழுத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அடுத்து காய்கறிப் பை போனது. அதே ஸ்டூலில் ஏறி இரண்டு பெண்களும் போனார்கள். கடைசியாக நான்.

மீதி மாடிகளைப் படியேறிக் கடந்தோம். மேலே எங்கள் கூட்டம் மூடிய லிஃப்ட் கதவைப் பார்த்து வரவேற்புப் பாட்டை விடாமல் பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் பின்னாலிருந்து வந்ததை யாருமே கவனிக்கவில்லை.

செபம் முடிந்து சுண்டல் சாப்பிடும்போது எதிர்வீட்டு அம்மாள் தலைவியிடம் வந்தார். "நாளைக்கு எங்க வீட்டுக்கும் வரட்டுமே."

தலைவி திகைத்துப்போனார். நாளைய குடும்பம் சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்துவிட்டது. தாழ்வாரத்துக்குப் போய் எங்கள் பங்குச் சாமியாருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் சாமியாரின் குரல் எங்களுக்கும் கேட்டது. "கூப்பிடாத வீட்டுக்குப் போறதுதாம்மா கஷ்டம். கூப்பிட்ட வீட்டுக்குப் போக என்ன யோசனை?"

மறுநாள் காலையில் மாதா எதிர்வீட்டுக்குப் போனார். மாலை வரை சாமி படங்களுக்கு நடுவே மல்லிகைச் சரத்தோடு இருந்தார். கிளம்பும்போது அந்த அம்மாள் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார். சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாராம். தலைவி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவரே இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த அம்மாள் எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். பூ கட்ட ஆள் வேண்டுமென்றாலும், சுண்டலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் முதல் பதில் அவருடையதுதான். போன வாரம் கோயில் வாசலில் தலைவி என்னை நிறுத்திச் சொன்னார்: "உங்களைத்தான் தம்பி குரூப்ல பார்க்கவே முடியல."