மழைக்குப் பிறகு போடலாம் என்றேன்

சூலூரில் நாங்கள் வீடு கட்டியபோது, தெருவிலிருந்து நாலு படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைக் கொட்டினார்கள். படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. கடைசியில் தெரு எங்கள் கூடத்தைவிட உயர்ந்துவிட்டது. ஒரு ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் கட்டில் கால் வரை வந்தது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என் கணவர் பார்த்துக்கொண்டே இருக்க, நான் வாளியில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். அன்றிலிருந்து வானம் இருட்டினாலே வாளியை எடுத்து வாசலில் வைத்துவிடுவேன்.

அடுத்த வருஷம், மழைக்குச் சற்று முன்னால், குண்டும் குழியுமாகிவிட்ட எங்கள் தெருவைப் பார்க்கப் பேரூராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம்.

"இருக்கறதுக்கு மேலயே போட்டுக்கலாம்னா மழைக்கு முந்தியே முடிச்சுக் குடுத்தர்றேனுங்க. சுரண்டி எடுத்து, சாக்கடையும் சேத்துக் கட்டோணும்னா மழை நிக்கோணுங்க" என்றார்.

எதிர்வீட்டுக்காரி உடனே எழுந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"இப்பவே போட்டுருங்க சார். புள்ள நெறமாசமா இருக்கறா. இந்தக் குழியில ஆட்டோ உள்ள வரமாட்டீங்குது."

பலர் தலையாட்டினார்கள். இருந்தும் நான் எழுந்து பேசினேன்.

"மேலயே போட்டா எத்தன மழைக்குத் தாங்குமுங்க? பேந்துபோகும், மறுபடியும் மேலயே போடுவாங்க. இன்னிக்கு எங்க ஊட்டுக்குள்ள வர்ற தண்ணி நாளைக்கு உங்க ஊட்டுக்குள்ளயும் வருமுங்க."

இன்ஜினியர் மறுக்கவில்லை. "அம்மா சொல்றது நெசந்தானுங்க" என்றார். பேச்சு அங்கேயே திரும்பிவிட்டது. மழை முடியட்டும் என்று முடிவானது. எதிர்வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. மழை பெய்தால் என் வீட்டைப் பற்றிய பயம் பாதி, எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிய பயம் பாதி. அவள் ஜன்னலோரம் நிற்பதைக் கண்டாலே நான் உள்ளே நகர்ந்துவிடுவேன்.

பயந்தது போலவே, விடாமல் பெய்த ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது.

"குழியில எறங்குச்சுன்னா வண்டி ஏறாதுங்க" என்று கத்தினார் டிரைவர்.

நான் என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளை அதில் உட்காரவைத்து ஆண்கள் நாலு பேர் தூக்கினார்கள். குழி எங்கே, மேடு எங்கே என்று தெரியாத கலங்கல் தண்ணீர். நான் முன்னால் போய்க் காலால் துழாவி, "இப்படி வாங்க, இங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பின்னால் அவள் முனகும்போதெல்லாம், என் வாயால்தானே இந்தத் தெரு இப்படிக் கிடக்கிறது என்று தோன்றியது. எதிர்வீட்டுக்காரி என் பக்கம் திரும்பாமலே மகளோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மதியம்தான் தகவல் வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். அதைக் கேட்ட பிறகுதான் காலில் காய்ந்திருந்த சேற்றைக் கழுவினேன்.

தை மாதம் பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்கள். தெரு தாழ்ந்தது. சாக்கடையும் கட்டினார்கள். சித்திரையில் கொட்டிய கோடைமழை எங்கள் வாசலைத் தொடாமல் ஓடியது.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி பேத்தியோடு வந்தாள்.

"ரோடு நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றாள். பேத்தியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "ஆனா அன்னிக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"அதத்தான் அம்மணி நானும் நெனச்சுட்டே இருக்கறேன்" என்றேன்.

அவள் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, என் கணவருக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறதென்று விசாரிக்க உள்ளே போனாள்.