மூக்கைத் திருப்பித் தந்த மரிக்கொழுந்து

போன சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு அத்தர் கடையில் நின்று அழுதேன். கடைக்கார பாய் பதறவில்லை. "பிடிக்கலைன்னா விடுங்கம்மா, வேற காட்டறேன்" என்றார்.

பிடிக்காமல் இல்லை. விஷயத்தைச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி இல்லை, அடைப்பு இல்லை... வாசனை மட்டும் இல்லை. காபி வெந்நீராக இருந்தது. ரசம் புளித்த வெந்நீராக இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் கசிந்துகொண்டிருக்க, நான் திரும்பி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு மேரி அக்கா ஓடிவந்து சிலிண்டரை மூடினார். "இன்னா பண்ணிகினு கீற? வூடே நாறுது... உனக்குத் தெர்ல?" என்றார். தெரியவில்லை. அதற்கப்புறம் சமையலறைக்குள் நுழையவே பயமாகிவிட்டது.

காது மூக்கு டாக்டர் மருந்து எழுதவில்லை. "மூக்குக்கும் எக்சர்சைஸ் வேணும்மா" என்றார். கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா — காலையும் மாலையும் முகர்ந்து பார்க்க வேண்டும். எப்போது சரியாகும்? "சொல்ல முடியாது" என்றார்.

எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. என் கணவருக்கு அலுக்கவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாலும் டப்பாக்களோடு வந்து நிற்பார். ஒவ்வொன்றாக மூக்கருகே பிடிப்பார்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்லைங்க."

"சரி, அடுத்தது."

இதில் ரோஜாதான் தகராறு. இப்போது விற்கிற ரோஜாவுக்கே வாசனை கிடையாது என்பது அவர் சந்தேகம். அதனால் ரோஜா அத்தர் வாங்கத்தான் சேலையூரிலிருந்து தாம்பரம் போனோம்.

ரோஜா அத்தர் எனக்கு வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. விஷயத்தைக் கேட்ட பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொரு சின்ன பாட்டிலை எடுத்தார். "இது தவனம். நம்ம மரிக்கொழுந்துதாம்மா. செடியிலேர்ந்து வடிச்ச எண்ணெய். சென்ட் செய்யறவங்க தேடி வாங்குவாங்க."

என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். ஒன்றுமில்லை. கையை இறக்கப் போனேன்... வந்தது. முதலில் பச்சை இலையைக் கசக்கியது போல ஒரு கசப்பு. அதன் பின்னால் பழுத்த பழத்தின் இனிப்பு. அப்போதுதான் அழுதேன்.

"தெரியுது பாய்" என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "இதுல ஒரு விசேஷம் இருக்கும்மா. ஆளாளுக்கு வாசனை மாறும். சார், நீங்க கையைக் குடுங்க."

சார் தயங்கினார். வியர்வை என்றார். விடுவேனா? கையை இழுத்து முகர்ந்தேன். மரிக்கொழுந்து இருந்தது. கூடவே விரல்களில் சிகரெட் இருந்தது.

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து அவர் விட்டொழித்த சிகரெட்.

"எப்போலேர்ந்து?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்போ... ஒரு டென்ஷன்ல."

"காய்ச்சல்தான் போயிடுச்சே?"

பாய் துடைத்த பாட்டில்களையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது கேம்ப் ரோடு டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஊர்ந்தது. பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். என் மூக்கு போன தைரியத்தில் சிகரெட் பிடித்தவரும் இவர்தான். அந்த மூக்கைப் பிழைக்கவைக்க விடிந்தும் விடியாமல் கிராம்பு டப்பாவோடு நின்றவரும் இவர்தான். மூக்கு வந்தால் முதலில் மாட்டப்போவது யார் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதானே செய்தார்? இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா... கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் ஒரு ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல டப்பாக்களோடு வந்தார். கிராம்பு லேசாகத் தெரிந்தது. சொன்னேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"நல்லா வருது. விட்டுடாதே" என்றார்.

"நான் விடமாட்டேன். நீங்க விட்டுடுங்க" என்றேன்.