டோக்கன் அக்காவின் கேள்வி

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் போனேன். என் மகன் வயதுகூட இருக்காது அவருக்கு. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார். நானும் தலையைத் தலையை ஆட்டினேன். வெளியே வந்தால், சுவரில் அடுத்தவரின் எண் சிவப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்தொன்பது வருடம் டாக்டராக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே பாதிதான் புரிந்தது. ‘என்ன சொன்னாரு?’ என்று கேட்க நாதி இல்லை. வந்த எரிச்சலில் டோக்கன் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் கிளினிக் என்றால் இரண்டு அறை, ஒரு நீள பெஞ்சு, என் அறைக் கதவை ஒட்டி ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்த ஸ்டூலில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். படித்தது எட்டாவது வரை. கணவர் லாரி டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிசயம். யார் மாமியாரோடு பேசுவதில்லை, யாருக்குத் தூக்கம் வருவதில்லை எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அக்கா காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது.

தகர டோக்கன்களை மடியில் வைத்துக்கொண்டு எண் சொல்லிக் கூப்பிடுவதுதான் நான் அவருக்குக் கொடுத்த வேலை. அவராகச் சேர்த்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. வெளியே வருகிற ஒவ்வொருவரையும் ஸ்டூல் பக்கத்தில் நிறுத்தி, “டாக்டர் என்ன சொன்னாரு? எனக்குச் சொல்லுங்க பாப்போம்” என்பார். அவர் திருதிருவென்று விழித்தால் திரும்ப உள்ளே அனுப்பிவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாட்களில் என் முகத்தில் கடுகைப் போட்டால் பொரியும். ஒரே நபர் மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்து, “அக்கா அனுப்புனாங்க...” என்று இழுத்தால் எப்படி இருக்கும்?

“இது என்ன பள்ளிக்கூடமா? எல்லாரையும் ஒப்பிக்கச் சொல்றீங்க!” என்று ஒருநாள் கத்தினேன்.

“உங்க முன்னாடி உக்காந்தா அவங்களுக்குப் பயத்துல காது அடைச்சுக்குது டாக்டர். வெளிய வந்தாத்தான் திறக்குது. அதுக்கு நான் என்ன பண்ண?” என்றார் அக்கா, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே.

அக்காவின் பரீட்சையில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவர் ஒரு பெயிண்டர். ஐம்பது வயது. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அவருக்கு ரத்த அழுத்தம். எந்த மாத்திரை எந்த வேளை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மாதாமாதம் நான் அளந்தால் அழுத்தம் இறங்கவே இல்லை. நான் மருந்தைக் கூட்டினேன். அரை மாத்திரை ஒன்றானது, ஒன்று இரண்டானது.

“ஒழுங்கா போடுறீங்களா?”

“போடுறேன் டாக்டர்.”

பொய் சொல்கிறார் என்று நானே முடிவு கட்டி, அவருடைய அட்டையில் ‘சொன்னபடி கேட்பதில்லை’ என்று எழுதி வைத்தேன். நான்தான் அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம், இருப்பதிலேயே கடுமையான மாத்திரை ஒன்றையும் சேர்த்து எழுதினேன். எழுந்திருக்கும்போது அவர், “நாளையிலேருந்து மூணு மாடிக் கட்டடம் டாக்டர். வெளிச்சுவர் பூரா நம்ம வேலைதான். சாரம் கட்டியாச்சு” என்றார் சந்தோஷமாக. “சரி, சரி, போயிட்டு வாங்க” என்றேன். அந்தச் சீட்டோடு அவர் சாரத்தில் ஏறியிருந்தால், ஆளைக் கொன்ற பாவம் என் தலையில் விழுந்திருக்கும்.

வெளியே நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெயிண்டர் வழக்கம்போலக் கடகடவென்று ஒப்பித்திருக்கிறார். அக்கா ஒரு டம்ளரை நீட்டியிருக்கிறார்.

“காலை மாத்திரை போட்டாச்சா? மணி பதினொண்ணு ஆகுது. இந்தாங்க தண்ணி.”

“ஐயையோ, டாக்டரைப் பாக்க வர்றப்ப மாத்திரை போடுவாங்களா? வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுவேன்க்கா.”

“எதுக்கு?”

“ஓதம் அடிச்ச சுவத்தை வீட்டுக்காரர் பாக்க வர்றப்ப, மேல பெயிண்ட் பூசியா காட்டுவோம்? சுரண்டி, உள்ளது உள்ளபடி காட்டணும்ல? அப்பத்தானே எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரியும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து டாக்டரை ஏமாத்தலாமா?”

“சரி, போடுற நாள்ல உடம்பு எப்படி இருக்கு?”

“எழுந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. போன வாரம் சாரத்துல நிக்கிறப்பவே கண்ணு இருட்டிடுச்சு. கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். கீழ மேஸ்திரி ஒரே சிரிப்பு.”

அடுத்த நொடி அக்கா பெயிண்டரையும் கூட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே வந்துவிட்டார். நானோ ஒரு பெரியவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டிருந்தேன்.

“கதவைத் தட்டத் தெரியாதா உங்களுக்கு? இங்க டாக்டர் நீங்களா, நானா?” என்று எரிந்து விழுந்தேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். பெஞ்சு மொத்தமும் கேட்டது.

அக்கா பெயிண்டரின் கையிலிருந்த சீட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். “திட்டி முடிங்க டாக்டர். ஆனா முதல்ல இதைக் கிழிங்க.”

பெயிண்டர் நின்றபடியே எல்லாவற்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். மாத்திரை போடாத நாளில் அளந்து அளந்து, போடுகிற நாளுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

“தலை சுத்துறதை ஏன்யா என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே டாக்டர்” என்றார். அவர் குரலில் குறையே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

சீட்டைக் கிழித்தேன். மாத்திரையைப் பாதியாக்கினேன். என்னைப் பார்க்க வரும் நாளிலும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். இரண்டு வாரம் சாரத்தில் ஏறக் கூடாது என்றதற்கு, கீழ்ச்சுவரை மட்டும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னேன். எவ்வளவு அற்பமான கர்வம்!

அடுத்த மாதம் பெயிண்டர் வந்தார். அழுத்தம் கச்சிதமாக இருந்தது. கிறுகிறுப்பு இல்லை, சாரத்தில் ஏறி இரண்டாவது மாடியை முடித்துவிட்டாராம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, என்னால் முடிந்த அளவு இதமாகக் கேட்டேன்: “வேற ஏதாவது சொல்லணுமா? பயப்படாம சொல்லுங்க.”

அவர் ஒருமுறை கதவைப் பார்த்தார்.

“ஒண்ணு இருக்கு டாக்டர். அதை அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

கொஞ்ச நேரம் நகத்திலிருந்த பச்சை பெயிண்டைச் சுரண்டினார். “கோவிச்சுக்காதீங்க. எனக்கு நல்லது பண்ண வந்த அக்காவையே அன்னிக்கு அந்தத் திட்டுத் திட்டுனீங்க. நானெல்லாம் எம்மாத்திரம்?”

நான் எழுந்து வெளியே போனேன். பெஞ்சில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“அன்னிக்கு நான் உங்களைத் திட்டுனது தப்புக்கா” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “என்னை மன்னிச்சுடுங்க.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அது கிடக்கட்டும் டாக்டர். அவருக்குப் பத்து நாளா ரெண்டு காலும் வீங்குதாம். உள்ள போய் பேண்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க.”